மூன்றாம் குரல் புத்தகம்

ஜனவரி 11

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். எனக்கு இடது தோள்பட்டை மட்டும் மக்கர் செய்கிறது. நாற்பத்தைந்து வருடம் வயலினைத் தாங்கியதற்குப் பரிசு. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறுகிறீர்களா, அல்லது படியைத் திட்டிவிட்டுக் கீழேயே இருந்துவிடுகிறீர்களா?

ஒரு சந்தோஷச் செய்தி. அப்பா பாடகர் குழுவுக்குத் தலைவராக இருந்தாரே, நம் ஊர் ஆலயம், அங்கே அக்டோபர் முதல் ஞாயிறு ஒரு கச்சேரி. அதற்கு நான்கு கருவிகளுக்குப் புதிதாக ஓர் இசை எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள்: இரண்டு வயலின், ஒரு வியோலா, ஒரு செல்லோ. ஆலய நூலகத்தில் இருக்கும் முந்நூறு வருடப் பழைய அச்சுப் பாடல் புத்தகங்களிலிருந்துதான் எடுக்கப்போகிறேன். நான்கு குரலுக்கு நான்கு புத்தகம். அவரவர் குரல் மட்டும் அவரவர் கையில். நான்கு பேரும் சேர்ந்து பாடினால் ஒழிய முழுப் பாட்டு எப்படி இருக்கும் என்று யாருக்கும் தெரியாது. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியம்.

இப்போது மூன்று புத்தகம்தான் இருக்கிறது. மூன்றாம் குரல் இல்லை. அது ஏன் இல்லை என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா தொலைத்ததை மகன் எழுதி நிரப்பினான் என்று இருக்கட்டுமே.

நீங்கள் இன்னமும் வாரம் இரண்டு நாள் அந்த நூலகத்தில் புத்தகம் பழுது பார்க்கப் போகிறீர்கள் அல்லவா? மற்ற மூன்றையும் பார்த்துப் படி எடுத்து அனுப்ப முடியுமா?

உங்கள் பதிலைத் தேடும்,
தம்பி


ஜனவரி 22

தம்பிக்கு,

அக்கா. இருக்கிறேன். முழங்காலும் இருக்கிறது. படியை நான் திட்டுவதில்லை. படி கட்டியவனைத்தான் திட்டுகிறேன்.

தொலைபேசியில் கூப்பிட்டாயாம், எடுக்கவில்லையாம், கீழ்வீட்டுத் தையல்காரம்மா சொன்னாள். எடுக்க மாட்டேன். போனில் பேசினால் நீ குறுக்கே வெட்டுவாய். காகிதத்தில் வெட்ட முடியாது.

மூன்று புத்தகத்தையும் கையாலேயே படி எடுத்துத் தருகிறேன். நூலகத் தலைவர் படம் பிடித்துக் கொடுக்கலாம் என்றார். டாக்டர் பட்டம் வாங்கியவர். அவர் போட்ட பட்டியலில் ஐந்தாம் பாட்டும் ஆறாம் பாட்டும் ஒன்றாகக் கிடக்கின்றன. நான் சொன்னேன். "நீங்க பைண்டிங்க மட்டும் பாத்துக்கங்கம்மா" என்றார். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், ஐம்பத்து நான்கு வருடமாக.

நீ கவனித்தாயோ என்னவோ, அந்த அச்சில் ஒவ்வொரு இசைக்குறியும் தனித்தனி ஈய எழுத்து. குறியோடு சேர்த்து அதன் பின்னால் ஐந்து கோடும் துண்டு துண்டாக வார்க்கப்பட்டிருக்கின்றன. அடுக்கி வைக்கும்போது கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் மயிரிழை இடைவெளி விழும். தூரத்திலிருந்து பார்த்தால் கோடு; கிட்டத்தில் பார்த்தால் பல் விழுந்த சீப்பு. பட்டியலில் இது இல்லை.

ஒன்று சொல்கிறேன். மூன்றாம் குரலை நீ எழுத வேண்டாம். காலியாக விடு.

தோளுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.
அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். படி வந்து சேர்ந்தது. அச்சே தோற்றது போங்கள். தோள் பரவாயில்லை, ஒத்தடத்துக்குப் பலன் உண்டு.

காலியாக விடு என்கிறீர்கள். ஏன்? நான்கு பேரை மேடையில் உட்காரவைத்து ஒருவரை மட்டும் சும்மா இரு என்றால் எப்படி? எங்கள் வியோலாக்காரம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "நல்லதா போச்சு, நான் பின்னல் ஊசி எடுத்துட்டு வந்துடறேன்" என்கிறார்.

மூன்று குரலை மட்டும் வாசித்துப் பார்த்தோம். மூன்று கால் முக்காலிகூட நிற்கும், இது நிற்கவில்லை. ஒவ்வொரு வரியிலும் யாரோ எழுந்து போன நாற்காலி மாதிரி ஓர் இடம். அந்த இடத்தில் என்ன இருந்திருக்கும் என்று யோசித்தே பாதி நாள் போகிறது. ஏழாம் பாட்டுக்கு நானே ஒரு மூன்றாம் குரல் எழுதி இதோடு வைத்திருக்கிறேன். பார்த்துச் சொல்லுங்கள். உங்களுக்கு இசைக்குறி படிக்கத் தெரியும் என்பதே எனக்குப் போன வருடம்தான் தெரியும். எப்போது கற்றீர்கள்? யாரிடம்?

மருந்தை மறக்காதீர்கள்.
அன்புத் தம்பி


பிப்ரவரி 15

தம்பிக்கு,

நலமே. மருந்து சாப்பிடுகிறேன், தையல்காரம்மா முன்னால் நின்று விழுங்க வைக்கிறாள்.

யாரிடமும் கற்கவில்லை. முப்பத்து நான்கு வயதில், பழுதுக்கு வந்த ஒரு பாலபாடப் புத்தகத்தைப் பிரித்துத் தைக்கும்போது பக்கம் பக்கமாகப் படித்தேன். அப்பா போன மறு வருடம். அதற்கு முன்னால் கற்றிருக்கலாம். உனக்கு ஆறு வயதில் அப்பா சாப்பாட்டு மேசையில் கோடு போட்டுச் சொல்லித் தந்தார். எனக்கு அப்போது பதினாறு. பக்கத்து அறையில் பைண்டிங் பட்டறைக்காக அட்டை வெட்டிக்கொண்டிருந்தேன். "எனக்கும் சொல்லிக் குடுங்கப்பா" என்று ஒருநாள் கேட்டேன். "உனக்கு எதுக்கும்மா அது?" என்றார். இரண்டாவது தடவை நான் எதையும் யாரிடமும் கேட்பதில்லை.

உன் ஏழாம் பாட்டு தப்பு. மூன்றாம் குரல் மற்றவர்களோடு கிளம்பாது. அது முதலில் சும்மா இருக்கும். ஐந்து நெடுங்குறி நேரம் காத்திருந்து, மற்ற மூவரும் மூச்செடுக்கும் இடத்தில் தனியாக நுழையும். ஒரே சுரம், நீளமாக. பிறகு ஒரு படி இறங்கும்.

எப்படித் தெரியும் என்று கேட்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம்தானே? இங்கே நான் சுகமாக இல்லை, ஆர்வம் பிடித்து ஆட்டுகிறது.

நீங்கள் சொன்னபடி வாசித்தோம். மற்ற மூவரும் ஓய்ந்த கணத்தில் வியோலா தனியாக நுழைந்ததும் செல்லோக்காரர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். "மறுபடி, மறுபடி" என்றார். வியோலாக்காரம்மா என்னைப் பார்த்து, "இத யாரு எழுதுனது? உங்களுக்கு இவ்வளவு பொறுமை கிடையாதே" என்றார். என் அக்கா என்றேன். நம்பவில்லை. "ஊகிச்சு எழுத முடியாது சார் இது. பாத்து எழுதுனது" என்றார்.

கேட்காதே என்றீர்கள். கேட்கிறேன். எப்படித் தெரியும்?

பதிலுக்குக் காத்திருக்கும்,
தம்பி


ஏப்ரல் 3

அன்புள்ள அக்காவுக்கு,

ஐந்து வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு வரியும் இல்லை. பயந்துபோய்த் தையல்காரம்மாவைக் கூப்பிட்டேன். "நல்லாத்தான் இருக்காங்க. கண்ணாடிய தலையில வெச்சுக்கிட்டு வீடு பூரா தேடுறாங்க. நான் சொல்லல, சொன்னா கோவிச்சுக்குவாங்க" என்றார். நிம்மதி.

கச்சேரிக் கையேட்டுக்கு நூலகத் தலைவர் ஒரு குறிப்பு அனுப்பியிருக்கிறார். அதில் ஒரு வரி: 'மூன்றாம் குரல் புத்தகம், அன்றைய பாடகர் குழுத் தலைவரின் கவனக்குறைவால் தொலைந்துபோனது.' கீழே, அவருடைய மகன்தான் இந்த இசையை எழுதியவர் என்று என்னைப் பற்றி. படிக்கக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் சரி என்று சொல்லிவிட்டேன். உண்மைதானே. குழுவிலிருந்து அவரை நீக்கினார்கள், அவரும் ஒத்துக்கொண்டார். மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஒரு வரியாவது எழுதுங்கள்.
தம்பி


ஏப்ரல் 9

தம்பிக்கு,

அந்த வரியை எடு. இன்றே எடு.

இத்துடன் இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்துப் பதிவுத் தபாலில் ஒன்று வருகிறது. கையைக் கழுவித் துடைத்துவிட்டுத் தொடு. ஓரத்தைப் பிடி, நடுவில் தொடாதே. பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்பு.

எனக்கு ஒன்றும் இல்லை.
அக்கா


ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். இரண்டு தடவை கை கழுவினேன்.

இரண்டு விரல் அகலம், ஒரு சாண் நீளம். மஞ்சளாகிப்போன தாள். பல் விழுந்த சீப்புக் கோடுகள். மேல் வரி பாதியில் வெட்டுப்பட்டிருக்கிறது, கீழ் வரி முழுதாக இருக்கிறது. அந்தக் கீழ் வரி ஏழாம் பாட்டின் மூன்றாம் குரல். ஐந்து நெடுங்குறி ஓய்வு. பிறகு நீளமாக ஒரு சுரம்.

மூன்று தடவை வாசித்துப் பார்த்தேன் அக்கா.

என் வயலினைப் பழுது பார்ப்பவரிடம் காட்டினேன். மோந்து பார்த்தார். "பசை வாடை. இது புத்தகத்தோட முதுகுல, துணிக்கு உள்ள ஒட்டுற தாள். பழைய தாள் எது கிடைச்சாலும் வெட்டி ஒட்டிருவாங்க" என்றார். அப்படியானால் யாரோ அந்தப் புத்தகத்தை வெட்டி வேறொரு புத்தகத்துக்கு முதுகுத் தாளாக ஒட்டியிருக்கிறார்கள். ஆலய நூலகத்துக்கு அப்போது பைண்டிங் செய்தது ஒரே ஒரு பட்டறைதான். அதில் வேலை செய்தது பட்டறைக்காரரும் நீங்களும்.

வரியை எடுக்கச் சொல்லிவிட்டேன். அதற்குப் பதில் என்ன போடுவது என்று நூலகத் தலைவர் கேட்கிறார். என்ன சொல்லட்டும்?

தம்பி


ஜூன் 4

தம்பிக்கு,

நலம் விசாரிக்க இன்று எனக்கு நேரமில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

எழுதக் கை வரவில்லை. ஆறு வாரம் ஆகிவிட்டது. இனி வராவிட்டாலும் எழுதுகிறேன்.

ஒரு வெள்ளிக்கிழமை. பட்டறைக்காரர் கிளம்பும்போது, "மேசையில இருக்கற தாள எல்லாம் முதுகுக்கு வெட்டி வெச்சுரு" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் பின்கட்டில் பசை காய்ச்சிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில் அப்பா வந்திருக்கிறார். மூன்றாம் குரல் புத்தகம் தையல் விட்டு, அட்டை கழன்று, வெறும் தாளாக இருந்திருக்கிறது. யாரும் இல்லை என்று கழிவுத் தாள் கட்டின் பக்கத்திலேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார். சீட்டு எழுதவில்லை, குரல் கொடுக்கவில்லை. நம் வீட்டு ஆள் இருக்கிற பட்டறைதானே என்று நினைத்திருப்பார்.

நான் உள்ளே வந்தேன். கறுப்புக் கறுப்பாகக் குறி போட்ட தாள். எழுத்தாக இருந்திருந்தால் இரண்டு வார்த்தை படித்திருப்பேன், நிறுத்தியிருப்பேன். இது எனக்குப் பூச்சி ஊர்ந்த தடம். நல்ல தாள், கெட்டியாக இருக்கிறது, முதுகு நிற்கும் என்று சந்தோஷப்பட்டு வெட்டினேன். ஒரு பிசிறில்லாமல் வெட்டினேன்.

திங்கட்கிழமை அப்பா வந்தார். கடைசிப் புத்தகத்துக்கு ஒட்டிக்கொண்டிருந்தேன். நின்று பார்த்தார். "இது என்ன தாளும்மா?" என்றார். "பழைய தாள்பா" என்றேன். காய வைத்திருந்த புத்தகங்களைத் திரும்பிப் பார்த்தார். "சரி. பசை நல்லா காயட்டும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்து நாள் கழித்து ஆலயத்தில் விசாரணை. நான் கதவோரம் நின்றேன். "எங்கயோ வெச்சுட்டேன். ஞாபகம் இல்ல" என்றார் அப்பா. அப்போதுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

அவருக்குத் தெரியுமா தெரியாதா என்று இத்தனை வருடம் யோசித்துவிட்டேன். தெரிந்திருக்காது என்றுதான் முடிவு செய்தேன். தெரிந்திருந்தால் வீட்டில் கூரை பறந்திருக்கும். அவர் கோபம் உனக்குத் தெரியாதா.

அந்த வருடம் முழுக்க ஒரே பழுப்புக் காலிகோ துணியில் கட்டினோம். எந்தப் புத்தகத்தில் ஒட்டினேன் என்று நினைவில்லை. பழுப்புத் துணிப் புத்தகம் பழுதுக்கு வரும்போதெல்லாம் முதுகைப் பிரித்துப் பார்க்கிறேன். பதினேழு துண்டு கிடைத்திருக்கிறது. பழுது அறையில் 'கழிவு' என்று எழுதிய இழுப்பறையில் வைத்திருக்கிறேன். படித்தவர்கள் யாரும் அதைத் திறக்க மாட்டார்கள். ஓய்வு பெற்ற பிறகும் நான் வாரம் இரண்டு நாள் போவது பைண்டிங் ஆசையால் அல்ல.

மன்னிப்புக் கேட்பதற்காக இதை எழுதவில்லை. குறி படிக்கத் தெரியாதது என் குற்றம் இல்லை. கதவோரம் நின்று வாயை மூடிக்கொண்டிருந்தது என் குற்றம். அந்த இரண்டையும் நீ குழப்பாதே.

அக்கா


ஜூன் 14

என் அக்காவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். நீங்கள் சாப்பிட்டீர்களா, தூங்கினீர்களா என்பதுதான் கவலை.

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து ஒன்று என்னைக் குடைகிறது. எனக்குப் பத்து வயது இருக்கும். குழுவிலிருந்து நீக்கிய பிறகும் அப்பா அந்த நூலகத்துக்குப் போவதை விடவில்லை, நினைவிருக்கிறதா? நீங்கள் காலையில் பட்டறைக்குப் போனால் சாயங்காலம்தான் வருவீர்கள், கவனித்திருக்க மாட்டீர்கள். மண் அரிப்பு, கப்பல் சட்டம், ஆட்டு வியாதி என்று அவருக்குச் சம்பந்தமே இல்லாத தடித்த புத்தகமாக எடுத்துவருவார். எல்லாம் பழுப்பு. ஒரு பக்கம்கூடப் படிக்க மாட்டார். மடியில் வைத்துக்கொண்டு, முதுகைக் கட்டைவிரலால் மேலும் கீழும் தடவிக்கொண்டு, வாய்க்குள்ளேயே எதையோ முணுமுணுப்பார்.

ஒருநாள் கேட்டேன். "ஏம்ப்பா, படிக்கவே மாட்டீங்க, அப்புறம் எதுக்கு எடுத்துட்டு வரீங்க?"

"படிக்கறதுக்கு இல்லடா. சும்மா, கொஞ்ச நாள் நம்ம வீட்ல இருக்கட்டும்."

ஆட்டு வியாதி எதற்கு நம் வீட்டில் இருக்க வேண்டும் என்று எனக்கு அன்று புரியவில்லை. வேடிக்கைக்காரர் என்று நினைத்துக்கொண்டேன்.

அக்கா, நூலகத்தில் பழைய வாசகர் அட்டைகள் இன்னும் இருக்கின்றனவா?

தம்பி


ஜூலை 5

தம்பிக்கு,

சுகம். உன் தோள்?

இருக்கின்றன. நிலவறையில், மர இழுப்பறையில். முழங்காலைப் பார்க்காமல் இறங்கினேன்.

அப்பாவின் அட்டை இரண்டு பக்கமும் நிறைந்திருக்கிறது. விசாரணை நடந்ததற்கு அடுத்த வாரத்திலிருந்து பழுப்புப் புத்தகங்கள் ஆரம்பம். அதற்கு முன்னால் எடுத்ததெல்லாம் இசைப் புத்தகம். அதற்குப் பின்னால் ஒரு இசைப் புத்தகமும் இல்லை. மொத்தம் இருபத்து மூன்று புத்தகம், திரும்பத் திரும்ப. நான் துண்டு எடுத்த பதினேழும் அதில் வரிசையாக இருக்கின்றன. மிச்சம் ஆறு எனக்குத் தெரியாதவை.

அந்த வாரம் பட்டறையிலிருந்து போன புத்தகங்களின் எண்ணை அப்போதே குறித்து வைத்திருக்க வேண்டும். பசை காயட்டும் என்று சொன்னவர்.

நிலவறையில் ஒரு முக்காலி இருந்தது. கொஞ்ச நேரம் அதில் உட்கார்ந்திருந்தேன். வேறொன்றும் இல்லை.

ஆறில் நான்கு அலமாரியிலேயே, தையல் விட்டுப்போய்க் கிடைத்தன. ஐந்தாவதைக் காணவில்லை. நூலகம் முழுக்கத் தேடினேன். கடைசியில் எங்கே இருந்தது தெரியுமா? நூலகத் தலைவரின் மேசையில், முதுகு கிழிந்து, கணினித் திரைக்கு முட்டுக் கொடுத்திருந்தது. மண் அரிப்பு. அந்தத் திரையைப் பார்த்துத்தான் அவர் 'தொலைந்துபோனது' என்று எழுதியிருக்கிறார். "கொஞ்சம் திரைய தூக்குங்க சார்" என்றேன். "ஏம்மா?" என்றார். "நீங்க தொலஞ்சுதுன்னு எழுதுனது உங்க மூக்குக்குக் கீழதான் இருக்கு" என்றேன். முதுகைப் பிரித்துக் காட்டியதும் அவரே பூதக்கண்ணாடி எடுத்துவந்தார். அரை மணி நேரம் குறி குறியாகப் பார்த்தார். பிறகு, "அஞ்சாம் பாட்டு, ஆறாம் பாட்டு பத்தி அன்னிக்கி என்னவோ சொன்னீங்களே" என்று கேட்டார். சொன்னேன். எழுதிக்கொண்டார். மனிதர் அவ்வளவு மோசமில்லை.

கையேட்டுக்கு வரி இது. ஒரு சொல்லை மாற்றக் கூடாது: 'மூன்றாம் குரல் புத்தகம் தொலையவில்லை. பைண்டிங் பட்டறையில் வேலை செய்த பெண், அது இன்னதென்று தெரியாமல் வெட்டி, இருபத்து மூன்று புத்தகங்களின் முதுகில் ஒட்டினாள். பாடகர் குழுத் தலைவருக்கு அது தெரியும். அவர் சொல்லவில்லை. அந்தப் பெண் அவருடைய மகள்.'

கடைசி வாக்கியம் வேண்டாமே என்றார் நூலகத் தலைவர். வேண்டும் என்றேன்.

எனக்குக் குறி சொல்லித் தராததற்கு அப்பாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அது வேறு, இது வேறு.

இருபத்திரண்டு துண்டுக்கும் படி இத்துடன்.
அக்கா


செப்டம்பர் 24

தம்பிக்கு,

நலம், நீயும் அப்படியே இருக்க வேண்டும். கச்சேரி முடியும் வரையாவது.

நீ எழுதி அனுப்பிய முழு இசையும் வந்தது. மூன்று நாள் படித்தேன். வியோலாவுக்குத் துண்டில் உள்ளதை மட்டும் கொடுத்திருக்கிறாய். துண்டு வெட்டுப்பட்ட இடத்தில் வியோலாவும் அப்படியே பாதியில் நிற்கிறது. மற்ற மூவரும் அதற்காக நின்று, என்ன ஆயிற்று என்று பார்ப்பதுபோல் ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பி வாசிக்கிறார்கள். உன் சொந்தச் சரக்கு ஒன்றும் சேர்க்கவில்லை. நன்றாக இருக்கிறது. இதை நான் அடிக்கடி சொல்ல மாட்டேன். பதினொன்றாம் பாட்டில் செல்லோ அவசரப்படுகிறது, அதைப் பார்.

கடைசிப் பக்கத்தில் வியோலாவுக்கு வெறும் கோடு போட்டு, 'வில்லை உயர்த்திப் பிடித்துக் காத்திருக்கவும்' என்று எழுதி, இருபத்து மூன்றாவது துண்டு எங்கே, இன்னும் ஒரு வாரம் இருக்கிறது, அனுப்பினால் சேர்த்துவிடுவேன் என்று கேட்டிருக்கிறாய். முடிவு என்ன என்று தெரியாமல் உன் வியோலாக்காரம்மாவுக்குத் தூக்கம் வரவில்லையாம். எனக்கு மட்டும் வருகிறதா?

அது ஒரு தேனீ வளர்ப்புப் புத்தகம். அப்பாவின் வாசகர் அட்டையில் கடைசி வரி அதுதான். திருப்பிக் கொடுத்த தேதிக்கு நேரே அப்பாவின் கையெழுத்து இல்லை, உன் கையெழுத்து இருக்கிறது. அவர் போன பிறகு நீதான் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாய்.

கத்தியை எடுத்துக்கொண்டுதான் உட்கார்ந்தேன். புத்தகத்தின் அட்டையைத் திறந்து பார்த்தேன். தையல் ஒன்றுகூட விடவில்லை. துணி நைந்து போகவில்லை. பதினாறு வயதில் நான் கட்டியது, இன்னும் ஐம்பது வருடம் நிற்கும். நன்றாகக் கட்டியதை யாரும் பிரிக்க மாட்டார்கள். பைண்டிங் தெரிந்தவர்கள் பிரிக்க மாட்டார்கள்.

என் பெயரில் அதை எடுத்து வந்திருக்கிறேன். சாப்பாட்டு மேசையில் இருக்கிறது. கட்டைவிரலால் முதுகைத் தடவினால் துணிக்கு அடியில் தாளின் ஓரம் தட்டுப்படுகிறது. கடைசிச் சுரம் மேலே ஏறுமா, கீழே இறங்குமா என்று தினமும் ஒரு யோசனை. நேற்று இறங்கும் என்று நினைத்தேன். இன்று ஏறும் போலத் தோன்றுகிறது.

கச்சேரிக்கு வருகிறேன். வியோலாவின் தாள் தெரிகிற மாதிரி இடம் பிடித்து வை. புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லாதே.

கொஞ்ச நாள் நம் வீட்டில் இருக்கட்டும்.

அக்கா